காட்சிப்பொருள் நான்கு

அவையில் பெயர் வாசிப்பது என் வேலை.
நூறு பெயர், அகர வரிசையில்.
பதினேழு ஆண்டாக என் குரலுக்குக் கட்சி இல்லை.

தோர்கெல்சன், ஆர்லிஸ்
தொண்ணூற்று மூன்றாவது.
அங்கே போய்ச் சேர்வதற்குள் தொண்டை வறண்டிருக்கும்.
"இருக்கிறேன்" என்பார்,
வேலி தாண்டும் மாட்டை அதட்டுகிற சத்தத்தில்.
ஒலிவாங்கி தேவைப்படாத ஒரே உறுப்பினர்.

மொன்டானாவில் சட்டமன்றம்
இரண்டு ஆண்டுக்கொரு முறை, தொண்ணூறு நாள்.
மிச்ச நாளெல்லாம் அவரவர் பிழைப்பு.
ஒருவர் பல் பிடுங்குகிறார், ஒருவர் டிராக்டர் விற்கிறார்.
இவருக்கு முந்நூறு பசு, ஒரு கணவர்,
கனடாவிலிருந்து தடையில்லாமல் வரும் காற்று.

ஜனவரியில் மன்றம் கூடும்.
பிப்ரவரியில் பசுக்கள் ஈனும்.
இரண்டையும் ஒரே பருவத்தில் வைத்த புண்ணியவான் யாரோ.
நள்ளிரவு தாண்டிப் போன் அடிக்குமாம்,
ஹெலனாவில் நிலவறை வாடகை அறையில்.
போர்வைக்குள்ளிருந்தே ஹால்வருக்குச் சொல்வாராம்:
"முதலில் வருவது காலா, வாலா, தடவிப் பார்."
காலை எட்டுக்கு நிதிக் குழு.
அவர் கொட்டாவி விட்டு நான் பார்த்ததில்லை.

இங்கே உறுப்பினருக்கு அலுவலகம் கிடையாது.
ஒரு மேசை, ஓர் இழுப்பறை, இரண்டு பொத்தான்:
பச்சை, சிவப்பு.

மூன்றாம் கூட்டத்தில்
மசோதா இருநூற்றுப் பதினேழு.
சிற்றூர் மருத்துவமனைகளின் பிரசவப் பிரிவுகளை
மூடாமல் வைக்கக் கொஞ்சம் பணம்.
குழு முன் நீட்டி முழக்கவில்லை.
கைப்பையிலிருந்து
கன்று இழுக்கும் சங்கிலியை எடுத்து
மேசைமேல் போட்டார்.
மரத்தில் கீறல் விழுந்தது; இன்றும் இருக்கிறது.

"எங்கள் பக்கம் பசு தவித்தால்
இருபது நிமிடத்தில் மருத்துவர்.
பெண் தவித்தால் தொண்ணூற்றாறு மைல்.
அதுவும் பனி பெய்யாத நாளாய்ப் பார்த்து
வலி எடுக்க வேண்டும்."

யாரோ சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
குழுச் செயலருக்கு அன்று காய்ச்சல்;
சீட்டு எழுதிக் கட்டியது நான்:
காட்சிப்பொருள் நான்கு. சங்கிலி, ஒன்று.

மசோதா குழுவை விட்டு வெளியே வர
ஒரு விலை இருந்தது.
ஆற்றோரச் சுரங்கத்தின் கழிவுக்குளத்துக்கு
இன்னும் பத்தாண்டு தவணை.
அந்த வாக்கெடுப்பில் பலகையையே பார்த்திருந்தேன்.
அவர் பெயருக்கு நேரே
சிவப்பு.
அணைந்தது.
பச்சை.
அணைந்தது.
மூன்று நொடி மிச்சமிருக்கையில்
பச்சை,
அப்படியே நின்றது.
அந்த ஆற்றில்தான் அவர் மாடுகளும் தண்ணீர் குடிக்கின்றன
என்பதற்கு ஏட்டில் கட்டம் இல்லை.

இருநூற்றுப் பதினேழு எங்கள் அவையில் ஜெயித்தது,
ஐம்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்பது.
மேலவையில் ஒரு குழுத் தலைவர் கிடப்பில் போட்டார்.
கிடப்பு என்றால் என்ன என்று
மாடத்தில் உட்கார்ந்திருந்த பள்ளிப் பையன் கேட்டான்.
சாகவில்லை, எழுந்திருக்கவும் இல்லை என்றேன்.

அடுத்த தேர்தலில் நாற்பத்து மூன்று வாக்கில் தோற்றார்.
வேலிக்கு வேலி அட்டை: ஆற்றை விற்றவள்.
பொய் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.
சட்டப் புத்தகத்தில் அவர் பெயரால் நிற்பது
வைக்கோல் லாரிக்குத் தார்ப்பாய் போடுவது பற்றி
நான்கு வரி.

மறுபடி ஜனவரி. மறுபடி நூறு பெயர்.
தொண்ணூற்று மூன்றாவது இப்போது மெல்லிய குரல்,
இருமுறை கூப்பிட வேண்டியிருக்கிறது.

பிப்ரவரியில் போன். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை.
"என் சங்கிலி உங்களிடம்தானே இருக்கு?"

காட்சிப்பொருளைத் திருப்பித் தர விதியில் இடமில்லை.
விதிப்புத்தகத்தை மூடிவைத்தேன்.
செய்தித்தாளில் சுற்றி அஞ்சலில் போட்டேன்.
இரும்பு அல்லவா, பதினோரு டாலர்,
என் காசு.

பத்து நாள் கழித்து ஓர் அட்டை வந்தது,
முன்பக்கம் விதைக் கம்பெனி விளம்பரம்:

"கிடைத்தது. இதுவரை இரண்டு தடவை வேலை வந்தது.
ஒன்று பிழைத்தது.
உங்கள் சீட்டை அவிழ்க்கவில்லை."